நாலு பேருக்கு எத்தனை வேஷம்!

போன மாதம் ஓய்வூதியர் நேர்காணலுக்காகக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய் நிரூபிக்கிற சடங்கு அது. அங்கே இருந்த சின்னப் பையன் என் ஓய்வூதியப் புத்தகத்தைப் புரட்டினான். போட்டோவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் போட்டோவைப் பார்த்தான்.

"சார், இது நீங்களா?"

போட்டோவில் இருப்பவருக்குச் சாயம் பூசிய கருப்பு முடி, அடர்த்தியான மீசை, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. எதிரே நிற்பவருக்கோ தலையில் முடி என்று சொல்ல ஒன்றுமில்லை, மீசையும் போய்விட்டது. "அது நான்தான் தம்பி. இப்போ நிக்கிறவர் மேலதான் எனக்கே சந்தேகம்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே விரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னான். பச்சை விளக்கு எரிந்தது. ரேகை மட்டும் மாறவில்லை போலிருக்கிறது!

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டுகிற நேரத்தில் எனக்கு பீட்டில்ஸ் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். ஏழே வருடத்தில் அத்தனை தடவை ஆள் மாறிய கூட்டம் வேறு எதுவும் உண்டா? அவர்களைக் கருவூலத்தில் நிறுத்தியிருந்தால் அந்தப் பையன் என்ன பாடு பட்டிருப்பான்!

எனக்கு அவர்கள் அறிமுகமானது புதுச்சேரியில். அப்பாவுக்கு அங்கே வேலை. நான் படித்தது பிரெஞ்சு வழியில். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் பாட்டைக் கேட்பேன். முகத்தைப் பார்த்ததெல்லாம் பிரெஞ்சுப் பத்திரிகைகளிலும் ரெக்கார்டு உறைகளிலும்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டுக்காரர் ஒருவரிடம் நாலு பாட்டு அடங்கிய சின்ன ரெக்கார்டுகள் இருந்தன. பாட்டைவிட உறையைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பேன்.

1964ல் வந்த அவர்களுடைய முதல் சினிமாவுக்கு பிரான்சில் வேறு பெயர் வைத்தார்கள்: 'காத்ர் கார்சோன் தான் ல வான்'. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'காற்றில் நாலு பையன்கள்'. பிரெஞ்சில் காற்றில் இருப்பது என்றால் நாகரிகத்தில் முன்னால் இருப்பது என்று பொருள். நான் அதிகப்பிரசங்கித்தனமாக அப்பாவுக்குச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா சொன்னார்: "காத்துல போறவன்தான். பாத்தாலே தெரியறது."

பாரிஸில் வெட்டிய தலை

லிவர்பூல் என்பது இங்கிலாந்தின் துறைமுக ஊர். அங்கே பள்ளிக்கூடக் காலத்திலேயே ஜான் லெனன் ஒரு கோஷ்டி வைத்திருந்தார். பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் அதில் சேர்ந்தார்கள். 1960ல் 'பீட்டில்ஸ்' என்ற பெயரோடு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் போய், மாலுமிகள் வந்து குடிக்கிற இடங்களில் இரவெல்லாம் வாசித்தார்கள். அப்போது கருப்புத் தோல் சட்டை, எண்ணெய் தடவித் தூக்கிச் சீவிய முடி. நம் ஊர் சினிமாவில் இப்படி ஒருவர் வந்தால் கதாநாயகியின் கைப்பையைப் பறிக்கப்போகிறார் என்று அர்த்தம்.

உலகமே பேசிய அந்த நெற்றியை மறைக்கும் கிராப்பு எங்கே பிறந்தது தெரியுமா? பாரிஸில்! 1961 அக்டோபரில் லெனனும் மெக்கார்ட்னியும் பாரிஸுக்குப் போனார்கள். ஹாம்பர்க்கில் பழக்கமான யூர்கன் ஃபோல்மர் என்ற ஜெர்மன்காரர் அங்கே இருந்தார். அவர் தலைமுடியைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே மாதிரி அவரையே வெட்டச் சொன்னார்கள். அவர் புகைப்படக்காரர், முடி திருத்துபவர் அல்ல. லட்சக்கணக்கான வீடுகளில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை மூட்டிவிட்ட கிராப்பு இப்படித்தான் வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் பிரையன் எப்ஸ்டைன் வந்தார். ரெக்கார்டுக் கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. கோஷ்டிக்கு மேனேஜர் ஆனதும் முதல் வேலையாகத் தோல் சட்டையைக் கழற்றிக் கோட்டு மாட்டினார். மேடையில் தின்னக்கூடாது, புகைக்கக்கூடாது, பாட்டு முடிந்ததும் நாலு பேரும் சேர்ந்து குனிந்து வணங்க வேண்டும். சரியான ஆபீஸ் சூப்பரிண்டென்ட்! 1962ல் டிரம்ஸுக்கு ரிங்கோ ஸ்டார் வந்து நாலு பேர் பூர்த்தியானது.

1963ல் அவர்கள் போட்ட காலர் இல்லாத கோட்டைத் தைத்தவர் டக்கி மில்லிங்ஸ் என்ற லண்டன் தையல்காரர். ஆனால் மாதிரி பியர் கார்தன் என்ற பாரிஸ்காரருடையது. முடியும் பாரிஸ், கோட்டும் பாரிஸ். லிவர்பூல் என்று சொல்லிக்கொண்டதெல்லாம் குரல் மட்டும்தான் என்று நான் புதுச்சேரி நண்பர்களிடம் பெருமை அடிப்பேன்.

முதல் ஆல்பம் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', 1963 மார்ச். பதினாலு பாட்டு. அதில் பத்தை ஒரே நாளில், பிப்ரவரி 11ம் தேதி, பதிவு செய்தார்கள். உறையில் லண்டன் மான்செஸ்டர் சதுக்கத்தில் இருந்த இ.எம்.ஐ. கம்பெனியின் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கிறார்கள். வேலை உத்தரவு கையில் கிடைத்த அன்று எடுத்த போட்டோ மாதிரி அப்படி ஒரு சிரிப்பு! இந்த மாடிப்படியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

சிரிப்பு தேய்ந்த கதை

1964 பிப்ரவரி 9ம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களை ஏழு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பிறகு ஊர் ஊராக ஓட்டம். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த ஆல்பத்தின் பெயரே 'விற்பனைக்கு பீட்டில்ஸ்'. உறையில் நாலு முகமும் மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற குமாஸ்தா முகம். ஒருவருக்கும் சிரிப்பு இல்லை.

1965ல் 'ஹெல்ப்!'. உறையில் நாலு பேரும் கைகளை ஆளுக்கொரு விதமாக நீட்டி நிற்கிறார்கள். கொடி சைகையில் 'ஹெல்ப்' என்ற நாலு எழுத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. ஆனால் புகைப்படக்காரர் ராபர்ட் ஃப்ரீமனுக்கு அந்த எழுத்துகளின் கை அமைப்பு அழகாக இல்லை. அழகாக இருப்பதை வைத்துக்கொண்டார். சைகை தெரிந்தவர் படித்தால் என், யு, ஜே, வி என்று வரும். பொன்மலை ரயில்வேக்காரர் யாராவது இப்படிக் கொடி காட்டியிருந்தால் அன்றே சஸ்பென்ஷன்!

அதே ஆண்டு டிசம்பரில் 'ரப்பர் சோல்'. உறையில் முகங்கள் இழுத்துவிட்ட மாதிரி நீண்டிருக்கும். அது கேமரா வித்தை இல்லை. படத்தை ஓர் அட்டை மேல் ஒளி பாய்ச்சிக் காட்டிக்கொண்டிருந்தபோது அட்டை பின்னால் சாய்ந்து, முகம் நீண்டது. "இதுதான் வேணும்" என்றார்கள் நாலு பேரும். இந்த ஆல்பத்தில்தான் ஒரு பாட்டில் சிதார் கேட்டது. புதுச்சேரியில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் நின்று கேட்டார். "சுதி சேர்த்திருக்கான், ஆனா முடியை வெட்டலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

1966ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆல்பத்தின் உறையில் கசாப்புக்காரர் அங்கி போட்டு, இறைச்சித் துண்டும் உடைந்த பொம்மையுமாக உட்கார்ந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் கம்பெனி உறைகளைத் திரும்ப வாங்கியது. பலவற்றின் மேலேயே வேறு படத்தை ஒட்டி மறுபடி கடைக்கு அனுப்பியது. பழைய ஃபைல் மேல் புதுத் தாள் ஒட்டுகிற வேலை நம் இலாகாவுக்கு மட்டும் சொந்தம் இல்லை என்று தெரிந்து ஆறுதல் அடைந்தேன். அந்த ஆகஸ்ட் 29ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் பாடியதோடு டிக்கெட் விற்று மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கல்யாண பேண்டு செட்

1967ல் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்தது. நாலு பேருக்கும் மீசை. மினுமினுக்கும் பட்டுத் துணியில் மஞ்சள், சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு என்று ஆளுக்கொரு நிறத்தில் பட்டாளத்துச் சீருடை. பின்னால் ஏராளமான பிரபலங்களின் அட்டை உருவங்கள். பக்கத்திலேயே மெழுகுப் பொம்மைகளாக, கருப்புக் கோட்டில், பழைய பீட்டில்ஸ் நாலு பேர்! தங்கள் பழைய வேஷத்துக்குத் தாங்களே துக்கம் கேட்க வந்த மாதிரி நிற்பார்கள். ஆல்பத்தோடு கத்தரித்து ஒட்டிக்கொள்ளக் காகித மீசை வேறு கொடுத்தார்கள்.

அடுத்த கோடை விடுமுறைக்குத் திருவானைக்காவல் பாட்டி வீட்டுக்கு வந்தபோது இந்த உறைப் படம் அச்சான பத்திரிகைத் தாளைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தேன். பாட்டி கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"யாருடா இவாள்லாம்? கல்யாண பேண்டு செட்டா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று. மாப்பிள்ளை அழைப்பில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சரிகை வைத்த சிவப்புக் கோட்டுப் போட்டு கிளாரினெட் ஊதுகிறவரும், இந்த நாலு பேரும், பழைய பிரிட்டிஷ் பட்டாள பேண்டு என்ற ஒரே பெட்டியில் இருந்துதான் உடுப்பு எடுத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் பிழைப்புக்காகப் போட்டது, அவர்கள் வேடிக்கைக்காகப் போட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த உறையில் நமக்கு இன்னொரு சங்கதி உண்டு. பின்னால் நிற்கிற கூட்டத்தில் முதலில் மகாத்மா காந்தியும் இருந்தார். படம் எடுத்த பிறகு, இந்தியர்கள் மனம் புண்படும் என்று சொல்லி இ.எம்.ஐ. தலைவர் சர் ஜோசப் லாக்வுட் அவரை எடுக்கச் சொல்லிவிட்டார். டம்டம்மில் ரெக்கார்டுத் தொழிற்சாலை வைத்து எச்.எம்.வி. நாய் முத்திரையோடு நம் ஊரில் விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது. வியாபாரக் கவலை. நம் பெட்டிக்கடையிலும் காலண்டரிலும் இல்லாத காந்தியா? நம்மை யாரும் கேட்கவில்லை. ஆனால் யோகானந்தர், அவர் குரு யுக்தேஸ்வர், லாஹிரி மகாசயர், பாபாஜி என்று நாலு யோகிகள் மட்டும் உறையில் பத்திரமாக இருக்கிறார்கள். அவர்களைச் சேர்க்கச் சொன்னவர் ஜார்ஜ் ஹாரிசன்.

ரிஷிகேசத்தில் மாலையும் டப்பா அவரையும்

1967 ஆகஸ்டில் எப்ஸ்டைன் இறந்துபோனார். 1968 பிப்ரவரியில் நாலு பேரும் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் இருந்தார்கள். குர்தா, கழுத்தில் செவ்வந்தி மாலை. ரிங்கோவுக்குச் சின்ன வயதில் இருந்தே வயிறு சரியில்லை, காரம் ஆகாது. பெட்டி நிறைய டப்பாவில் அடைத்த அவரை விதை கொண்டுவந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் கிளம்பிவிட்டார். அடுத்து மெக்கார்ட்னி போனார். கடைசியில் ஏப்ரலில் லெனனும் ஹாரிசனும் மகரிஷியோடு மனக்கசப்பாகிக் கிளம்பினார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்து எழுதிய பாட்டுகள் ஏராளம். அவற்றில் பல அந்த நவம்பரில் வந்த ஆல்பத்தில் உள்ளன. முப்பது பாட்டு, உறையோ வெறும் வெள்ளை. மேலே வரிசை எண் மட்டும் அச்சடித்திருந்தது. ரேஷன் கார்டு மாதிரி!

அவர்கள் ரிஷிகேசத்தில் இருந்து கிளம்பிய சமயம்தான் எனக்கும் அப்பாவுக்கும் பெரிய சண்டை. முடி காதைத் தொட்டுவிட்டது என்று அப்பா என்னைத் திருவானைக்காவல் நாவிதரிடம் உட்காரவைத்து 'சம்மர் கிராப்' அடித்துவிட்டார். அந்தத் தாளையும் எடுத்துச் சுக்கலாகக் கிழித்தார். "தான் யாருன்னே தெரியாதவன்தான் மாசத்துக்கு ஒரு வேஷம் போடுவான்" என்றார். நான் நாலு நாள் அவரோடு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஐந்தாம் நாள் பாட்டி என்னை உச்சிகாலத்துக்குக் கோயிலுக்கு அழைத்துப்போனாள். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தினமும் நடுப்பகலில் அர்ச்சகர் அம்பாளின் புடவையைக் கட்டி, கிரீடம் வைத்துக்கொண்டு, மேளதாளத்தோடு அகிலாண்டேஸ்வரி சன்னதியில் இருந்து ஜம்புகேஸ்வரர் சன்னதிக்கு வந்து பூஜை செய்வார். அம்பாளே வந்து செய்வதாக ஐதீகம். சின்ன வயதில் இருந்து பார்த்ததுதான். அன்று பாட்டி மெதுவாகச் சொன்னாள்:

"மீசை வச்ச ஆம்பளை புடவை கட்டிண்டு போறார். யாராவது சிரிக்கறாளா பாரு. என்ன கட்டிண்டார்னு பாக்கப்படாது கொழந்தே. எதுக்காகக் கட்டிண்டார்னு பாக்கணும்."

திரும்பும்போது நாலாம் பிராகாரத்தில் நின்று இன்னொன்றும் சொன்னாள். "உங்கப்பா வேலைக்குச் சேர்ந்தப்போ குடுமியை எடுத்துட்டு கிராப்பு வச்சுண்டு வந்து நின்னான். தாத்தா ஒரு மாசம் அவனோட பேசலே. இலையிலே அவன் பக்கத்துலகூட உக்காரலே. உன்கிட்ட சொன்னானோ?"

சொல்லவில்லை. அன்று இரவு நானே போய் அப்பாவிடம் பேசினேன், குடுமி விஷயத்தை எடுக்கவில்லை. அவரும் முடி விஷயத்தை எடுக்கவில்லை. 1973ல் அரசு வேலையில் சேர்ந்தபோது என் சர்வீஸ் ரெஜிஸ்டருக்குக் கொடுத்த போட்டோவில் காது மூடிய முடியும் கன்னம் வரை கிருதாவும் இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு "நன்னா விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நடுத்தெருவில் ஒரு ஊர்வலம்

கடைசி அத்தியாயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1969 ஆகஸ்ட் 8ம் தேதி காலை லண்டன் அபே ரோடு ஸ்டூடியோ வாசலில் போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்த, புகைப்படக்காரர் இயன் மாக்மில்லன் நடுத்தெருவில் ஏணி போட்டு ஏறி ஆறே படம் எடுத்தார். நாலு பேரும் தெருவைக் கடக்கிறார்கள். மெக்கார்ட்னி காலில் செருப்பு இல்லை. வெயிலுக்குச் செருப்பைக் கழற்றியிருந்தார், அவ்வளவுதான். அதற்குள் அமெரிக்காவில் புரளி: மெக்கார்ட்னி எப்போதோ செத்துவிட்டார், இது சவ ஊர்வலம், வெள்ளை உடை லெனன் பாதிரியார், கருப்பு உடை ரிங்கோ சவ அடக்கம் செய்பவர், முரட்டுத் துணி ஹாரிசன் குழி வெட்டுபவர்! மெக்கார்ட்னியும் எங்களைப் போல உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டியதாயிற்று. 1970 ஏப்ரலில் கோஷ்டி பிரிந்த செய்தி வந்தது. மே மாதம் வந்த கடைசி ஆல்ப உறையில் நாலு பேருக்கும் தனித்தனிக் கட்டம். பாகப்பிரிவினை முடிந்த வீடு மாதிரி.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். எதுக்காகக் கட்டிண்டார்? மூன்று பேருக்கு இந்தியா ஒரு பருவத்து உடுப்பு, குர்தாவைக் கழற்றியதும் போயிற்று. அதில் தப்பும் இல்லை. ஆனால் ஹாரிசன் சங்கதி வேறு. 1966 ஜூலையில் தில்லி கனாட் பிளேசில் ரிக்கி ராம் கடையில் சிதார் வாங்கினார். செப்டம்பரில் பம்பாய்க்கு வந்து ரவிசங்கரிடம் தரையில் சம்மணம் போட்டுப் பாடம் கேட்டார். 1971 ஆகஸ்ட் 1ம் தேதி நியூயார்க்கில் பங்களாதேஷ் அகதிகளுக்காக ரவிசங்கரோடு கச்சேரி நடத்தினார். அன்று சுதி சேர்த்து முடித்ததற்கே கூட்டம் கைதட்டியது. சுதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்னார். 1974ல் ஹாரிசன் அமெரிக்கா முழுக்கச் சுற்றியபோது அந்த மேடையில் எல். சுப்ரமணியத்தின் வயலினும் டி.வி. கோபாலகிருஷ்ணனின் மிருதங்கமும் ஒலித்தன. கிட்டார் கேட்க வந்த கூட்டம் முணுமுணுத்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குள் மீசை, தாடி, குர்தா என்று என்னென்னவோ மாறிவிட்டது. கற்றுக்கொண்டது மாறவில்லை.

இப்போது அந்த மாடிப்படி. 1969ல் அதே இடத்துக்கு, அதே புகைப்படக்காரர் ஆங்கஸ் மாக்பீனைக் கூப்பிட்டு, அதே கைப்பிடியைப் பிடித்து, அதே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 1973ல் வந்த சிவப்பு, நீலம் இரண்டு தொகுப்புகளில் இந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் போட்டார்கள். சிவப்பில் மழமழ முகமும் கோட்டும், நீலத்தில் தாடியும் தோள் வரை முடியும். நடுவில் ஆறே வருடம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் பல தடவை பார்த்திருக்கிறேன். உடுப்பை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தால் ஆள் தெரியும்.

நேர்காணல் முடிந்து வந்த அன்று பீரோவில் இருந்து என்னுடைய மூன்று போட்டோக்களை எடுத்து மேஜையில் வைத்தேன்: 1973 கிருதா, 1990 மூக்குக்கண்ணாடி, 2009 ஓய்வூதியப் புத்தகம். கூடவே அப்பாவின் பெட்டியில் இருந்த ஒரு பழைய படம். புதுக் கிராப்பு, சட்டைப் பையில் பேனா, முகத்தில் கொஞ்சம் பயம். தாத்தா பேசாமல் இருந்த மாதத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்போ எடுத்தது? உங்களோட கிருதா இல்லாத படம் நான் பார்த்ததே இல்லையே" என்றாள்.

"அது நான் இல்லை, அப்பா" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கிராப்புச் சண்டை நடந்திருக்கும். எழுதுங்கள்.